1966 முகமது அலி, 2025 உசிக்: ஒரே மேடையில் ஏறினால் யார் நிற்பார்?

மஞ்சக்குப்பம் மாஸ்டர் (கடலூர்)

2025 ஜூலை 19, வெம்ப்ளி. டேனியல் டுபுவாவை உக்ரைன்காரர் உசிக் ஐந்தாவது ரவுண்டில் சாய்த்த ஹெவிவெயிட் குத்துச்சண்டையை என்னிடம் பழகும் பையன்கள் ஏழு பேரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். நமக்கு அது நள்ளிரவு தாண்டிய நேரம். எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது ஒருவன் கேட்டான்: "மாஸ்டர், அலி இந்த ஆளுகிட்ட நிப்பாரா?" பதினேழு வயதுப் பையன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை.

அன்றிலிருந்து ராத்திரியில் பழைய சண்டைகளைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸோடு அலி மோதிய சண்டையை மட்டும் இருபது தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். மூன்று ரவுண்டுதான். பின்னால் நகர்ந்துகொண்டே அடிக்கிறார், அந்த அடியில் ஆள் விழுகிறான். பின்னால் போகும்போது அடித்தால் பலம் இருக்காது என்றுதான் நானே இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

கணக்கைப் பாருங்கள். அலி 191 செ.மீ. உயரம், உசிக்கும் 191. கை வீச்சு இருவருக்கும் 198 செ.மீ. பிறந்த நாள்கூட ஒன்றுதான், ஜனவரி 17. அன்று ஹூஸ்டனில் அலியின் எடை 96.5 கிலோ, வெம்ப்ளியில் உசிக் 103. வித்தியாசம் ஆறரைக் கிலோ. இந்த உடம்போடுதான் உசிக் 2024இல் 206 செ.மீ. உயரமுள்ள டைசன் ஃப்யூரியை இரண்டு தடவை புள்ளிக்கணக்கில் ஜெயித்தார்.

ஆகவே என் கட்சி இது: நூறு கிலோவை ஒட்டிய பழைய வீரர்கள், காலில் வேகம் உள்ளவர்கள், இன்றைக்கும் நிற்பார்கள். எண்பத்தைந்து கிலோ ஆட்கள் நிற்க மாட்டார்கள். 1950களின் ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவின் 49 சண்டை, 49 வெற்றியை நான் மதிக்கிறேன். ஆனால் 179 செ.மீ., 84 கிலோ என்றால் இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூஸர்வெயிட். அந்தப் பிரிவின் எல்லையே 90.7 கிலோ வரை போகிறது.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம் தம்பி

மாஸ்டர், மரியாதையோடு மறுக்கிறேன். உசிக் ஒருத்தரை வைத்து நியாயம் பேச முடியாது. அவர் அபூர்வம். 2024 டிசம்பரில் ஃப்யூரி மேடை ஏறிய எடை 127 கிலோ. ஹூஸ்டன் அலியைவிட முப்பது கிலோ கூடுதல். ஒரு சிப்பம் அரிசியைத் தோளில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு ரவுண்டு ஆடச் சொன்னால் அலி என்ன செய்வார்? விளாடிமிர் கிளிட்ச்கோ 198 செ.மீ., லெனாக்ஸ் லூயிஸ் 196. இவர்கள் வெறும் உயரமான ஆட்கள் இல்லை, ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஆட்கள்.

இன்னொன்று. 1968இல் ஜிம் ஹைன்ஸ் நூறு மீட்டரை 9.95 விநாடியில் ஓடினார். 2009இல் போல்ட் 9.58. நீச்சல், உயரம் தாண்டுதல், எதை எடுத்தாலும் மனிதன் முன்னேறியிருக்கிறான். குத்துச்சண்டை மட்டும் எப்படி அங்கேயே நின்றுவிடும்?

சொல்தா பேரன் (புதுச்சேரி)

ஓட்டப்பந்தயத்தில் உன்னைத் தடுக்க எதிரில் ஆள் கிடையாது, தம்பி. கடிகாரம்தான். இங்கே உன் வேகத்தைக் கெடுக்கவே ஒருவன் நிற்கிறான். அந்தக் கணக்கு வேறு.

என் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு குருசுக்குப்பத்துக்குத் திரும்பியவர். பட்டாளத்தில் கையுறை மாட்டியவர். எங்கள் வீட்டு முன்கூடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஜார்ஜ் கார்ப்பாந்தியே படம் இருந்தது. 1921இல் ஜெர்சி சிட்டியில் அன்றைய ஹெவிவெயிட் சாம்பியன் டெம்ப்ஸியோடு மோதி நாலாவது ரவுண்டில் தோற்ற பிரெஞ்சுக்காரர். தாத்தா பிறக்கும் முன்னாலேயே நடந்த சண்டை, ஆனாலும் கடைசி வரை டெம்ப்ஸியை அவர் மன்னிக்கவில்லை. "எழுபத்தெட்டு கிலோ ஆளை எண்பத்தஞ்சு கிலோ ஆள் அடிச்சான், இதுல என்ன பெருமை?" என்பார். உடனே அவரே, "ஆனா அதே டெம்ப்ஸி வில்லார்டை அடிச்சது தனி" என்று தொடங்கிவிடுவார். 1919 ஜூலை 4, டொலீடோ. வில்லார்ட் 199 செ.மீ., 111 கிலோ. முதல் ரவுண்டில் மட்டும் ஏழு தடவை கீழே போனார். மூன்று ரவுண்டு முடிந்ததும் எழுந்து வரவில்லை.

ஜோ லூயிஸையும் பாருங்கள். 89 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு 1935இல் பிரிமோ கார்னெராவை ஆறு ரவுண்டில் முடித்தார். கார்னெரா 118 கிலோ. 1942இல் பட்டி பேயர் (Buddy Baer), இன்னொரு ராட்சசன், முதல் ரவுண்டிலேயே போனார். பெரிய ஆட்கள் இன்றைக்கு முளைத்தவர்கள் இல்லை. அன்றும் இருந்தார்கள், அன்றும் விழுந்தார்கள்.

நெல்லிக்குப்பம் தம்பி

அண்ணே, கார்னெராவும் ஃப்யூரியும் ஒன்றா? டெம்ப்ஸியிடம் விழுந்தபோது வில்லார்டுக்கு வயது 37, மூன்று வருஷம் சண்டையே போடாமல் இருந்தவர். அன்றைய பெரிய ஆட்கள் பெரிதாக மட்டும் இருந்தார்கள். இன்றைய பெரிய ஆளுக்கு ஜாப் (முன்னால் நீட்டிய கையால் விடும் நேர்க்குத்து) தெரியும், கால் போடத் தெரியும், தலையை நகர்த்தத் தெரியும்.

சொல்தா பேரன்

அது நியாயம்தான். ஜோ லூயிஸ் ஜெயித்த ராட்சசர்களில் ஒருவருக்குக்கூட லெனாக்ஸ் லூயிஸின் ஜாப் கிடையாது. ஒப்புக்கொள்கிறேன்.

வில்லியனூர் பிசியோ

நான் விளையாட்டு வீரர்களின் மூட்டையும் தசையையும் பார்க்கிறவள். எடையைப் பற்றிப் பேசும்போது ஒன்றை எல்லாரும் விட்டுவிடுகிறீர்கள். கூடுதல் தசைக்குக் கூடுதல் ரத்தமும் காற்றும் வேண்டும். இருதயமும் நுரையீரலும் அதே அளவில் வளர்வதில்லை. ஆகவே 127 கிலோ ஆளின் முதல் நாலு ரவுண்டும் கடைசி நாலு ரவுண்டும் ஒன்றாக இருக்காது.

பழைய வீரர்கள் பதினைந்து ரவுண்டுக்காக உடம்பைத் தயார் செய்தவர்கள். 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்த பிறகுதான் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பன்னிரண்டாகக் குறைத்தது. மற்ற அமைப்புகள் சில வருஷம் கழித்துப் பின்தொடர்ந்தன. 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் அலியும் ஃப்ரேசியரும் பதினாலு ரவுண்டு அடித்துக்கொண்டதை நம் ஊர் வெயிலோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். கத்திரியில் உப்பளம் மைதானத்தை நாலு சுற்று ஓடி வந்த பையன்கள் சுருண்டு உட்கார்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அதே நேரத்தில் தம்பி சொல்வதிலும் உண்மை உண்டு. காயத்திலிருந்து மீள்வது, சாப்பாடு, தூக்கம், எதிராளியின் பழைய சண்டைகளை ரவுண்டு ரவுண்டாகப் பிரித்துப் பார்ப்பது, இதிலெல்லாம் இன்றைய ஆளுக்குக் கிடைப்பதில் பாதிகூட அன்று இல்லை. 1966 ஒரே வருஷத்தில் அலி ஐந்து தடவை பட்டத்தைக் காத்தார். இன்றைய சாம்பியன் வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. அத்தனை சண்டை போட்டதால் கை பழகியது உண்மை. உடம்பு தேய்ந்ததும் உண்மை.

மஞ்சக்குப்பம் மாஸ்டர்

பிசியோம்மா சொன்னதற்கு மேல் ஒன்று சொல்கிறேன். எடை என்றதும் எல்லாரும் அடியின் பலத்தை நினைக்கிறார்கள். என் பயம் அடி இல்லை, கட்டிப்பிடிப்பது.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சோதனை செய்தேன். எங்களுடையது ரிங் என்று சொல்லும்படி இருக்காது. நாலு சவுக்குக் கம்பம், கயிறு, மணலுக்கு மேல் தார்ப்பாய். ஒருவன் 71 கிலோ, என்னிடம் இருப்பவர்களில் கால் நன்றாகப் போடுகிறவன். இன்னொருவன் 98 கிலோ, தேவனாம்பட்டினத்துப் பையன், வலை இழுத்து வளர்ந்த தோள். பெரியவனிடம் தனியாகச் சொன்னேன்: "நீ ஒரு அடிகூட அடிக்காத. அவன் உள்ளே வரும்போதெல்லாம் பிடரியில முன்கையைப் போட்டுச் சாய்ஞ்சுக்க, அவ்வளவுதான்." மூன்று ரவுண்டு, ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம்.

முதல் ரவுண்டில் சின்னவன் பதினோரு தடவை தொட்டான். எண்ணினேன். இரண்டாவது ரவுண்டில் ஆறு. மூன்றாவதில் அவன் கால் ஆடுசதை துடிப்பது கயிற்றுக்கு வெளியே நின்ற எனக்கே தெரிந்தது. ஜாப் போகிறது, ஆனால் திரும்பி வரவில்லை, போன இடத்திலேயே ஒரு கணம் தொங்குகிறது. குனிந்து நிற்கும்போது மோவாயிலிருந்து வியர்வை சொட்டித் தார்ப்பாயில் புள்ளி புள்ளியாக விழுகிறது. இத்தனைக்கும் அவன் மேல் ஒரு அடிகூட விழவில்லை.

கிளிட்ச்கோ கிட்டத்தட்ட பத்து வருஷம் பட்டத்தை வைத்திருந்ததில் இப்படிச் சாய்வதற்குப் பெரிய பங்கு உண்டு. 2020இல் 124 கிலோவோடு வந்த ஃப்யூரி, வைல்டரைச் சாய்ந்து சாய்ந்தே பாதி முடித்தார், ஏழாவது ரவுண்டில் வைல்டரின் ஆட்களே தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வீசினார்கள். மார்சியானோவும் ஜோ லூயிஸும் இதற்கு என்ன செய்வார்கள் என்று யோசித்தால் எனக்கு மனசு கலங்குகிறது.

அலிக்கு மட்டும் இது புதிதாக இருக்காது. 1974 ஜனவரியில் ஃப்ரேசியரோடு நடந்த இரண்டாவது சண்டையைப் பாருங்கள். இடது கையால் ஃப்ரேசியரின் பிடரியைப் பிடித்து இழுத்து இழுத்தே அவரை வேலை செய்ய விடவில்லை. ஒரு காலத்தில் அதைப் பார்த்துவிட்டு, இது என்ன சண்டை என்று சலித்துக்கொண்டவன் நான். இப்போது அது கைவசம் இருந்த இன்னொரு ஆயுதம் என்று படுகிறது.

உப்பளத்தான்

யாரும் மைக் டைசன் பெயரை எடுக்கவில்லையே! 178 செ.மீ. உயரம், நூறு கிலோ. 1986இல் இருபது வயதில் பட்டம். 1988இல் மைக்கேல் ஸ்பின்க்ஸை 91 விநாடியில் முடித்தார். ஃப்யூரி சாய்வார் என்கிறீர்கள். நெஞ்சுக்குக் கீழே நுழைந்து விலாவில் ஹூக் (பக்கவாட்டுக் குத்து) போட்டு, அதே கையால் அப்பர்கட் (கீழிருந்து மேலே போகும் குத்து) எடுக்கிற ஆள் மேல் எப்படிச் சாய்வது? சாய்ந்தால் மோவாயை நீட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். 1988 டைசனை இன்று எந்த சாம்பியன் முன்னால் நிறுத்தினாலும் நாலு ரவுண்டு தாண்டாது. இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

சொல்தா பேரன்

எனக்கும் டைசன் பிடிக்கும். ஆனால் 1987 மார்ச்சில் ஜேம்ஸ் ஸ்மித், "எலும்பு நொறுக்கி" என்று பெயர் வாங்கிய 193 செ.மீ. ஆள், என்ன செய்தார்? பன்னிரண்டு ரவுண்டும் டைசனைக் கட்டிப் பிடித்தே முடித்தார். நடுவர் புள்ளி குறைத்துப் பார்த்தும் விடவில்லை. டைசன் ஜெயித்தார், ஆனால் சாய்க்க முடியவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் டோனி டக்கரும் பன்னிரண்டு ரவுண்டு நின்றார். ஸ்மித்துக்குப் பிழைத்தால் போதும் என்பதுதான் எண்ணம். ஃப்யூரி கட்டிப் பிடித்துவிட்டு அப்புறம் அடிக்கவும் செய்வார். 1990இல் டோக்கியோவில் டக்ளஸ் ஜாபையும் வலது கையையும் வைத்தே டைசனைச் சாய்த்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உப்பளத்தான்

டோக்கியோவுக்கு வந்தது பயிற்சியாளர் கெவின் ரூனியை அனுப்பிவிட்ட பிறகான டைசன். தலையை அசைப்பதே நின்றுபோயிருந்தது. ஸ்மித் சண்டைக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. மறுபடி பார்க்கிறேன்.

கெடிலக்கரை

இளையவர்கள் பேசுவதை இரண்டு நாளாக வாசித்து வருகிறேன். எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. 1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடினார். அப்பா என்னைக் கடலூரிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போனார். தூரத்து கேலரியில் இடம். குத்துகள் எனக்கு ஞாபகமில்லை. அவர் மேடையைச் சுற்றி நடந்தது ஞாபகமிருக்கிறது. அத்தனை கூட்டமும் அந்த நடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பயணத்தில்தான் டெல்லியில் நம் கவுர் சிங்கோடும் நாலு ரவுண்டு ஆடினார். 1982 ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வாங்கினாரே, அதே கவுர் சிங்.

அந்த வருஷமே அக்டோபர் 2 அன்று லாரி ஹோம்ஸிடம் அலி தோற்றார். பத்தாவது ரவுண்டோடு அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நிறுத்தச் சொல்லிவிட்டார். அன்று அலிக்கு வயது 38. மாஸ்டர் வீட்டில் பையன்கள் பார்த்த சண்டையில் உசிக்குக்கும் 38. ஒரே வயதில் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் இருக்கிறார், இன்னொருவர் எல்லாப் பட்டத்தையும் மறுபடி ஒன்றாகச் சேர்க்கிறார். பிசியோ அம்மா சொன்ன தேய்மானம் இதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த ஹோம்ஸ் சண்டையை இன்றும் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையோடு மோதினால் என்ன ஆகும் என்பதற்குச் சில சாட்சிகள் உண்டு. அதே ஹோம்ஸ், அலிக்கு ஸ்பாரிங் பார்ட்னராக (பயிற்சிச் சண்டைத் துணையாக) இருந்தவர், 1992இல் 42 வயதில் சியோல் ஒலிம்பிக் சாம்பியன் ரே மெர்சரை ஜெயித்தார். ஜார்ஜ் ஃபோர்மேன் 1974இல் கின்ஷாசாவில் அலியிடம் விழுந்தவர். பத்து வருஷம் பிரசங்கம் செய்யப் போய்விட்டுத் திரும்பி, 1994 நவம்பர் 5 அன்று 26 வயது மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்தார். அப்போது அவர் வயது 45.

இந்தக் கேள்வியும் பழையதுதான். 1969இல் அலியையும் மார்சியானோவையும் வைத்துப் பல முடிவுகளைப் படம் பிடித்து, கணினி சொன்ன முடிவு என்று 1970இல் தியேட்டரில் காட்டினார்கள். அமெரிக்காவில் 13ஆவது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்ததாகக் காட்டினார்கள். அதைப் பார்க்க மார்சியானோ உயிரோடு இல்லை. படம் பிடித்த கொஞ்ச நாளில் விமான விபத்தில் போய்விட்டார்.

நெல்லிக்குப்பம் தம்பி

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் ஃபோர்மேன் உதாரணம் என் பக்கம்தான் வருகிறது என்று நினைக்கிறேன். கின்ஷாசாவில் அவர் எடை நூறு கிலோ. மூரரைச் சாய்த்த அன்று 113. அவரே இன்றைய ஆட்களின் அளவுக்கு மாறித்தான் ஜெயித்தார். அதுவும் அந்தக் கணம் வரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கித்தான் இருந்தார்.

மஞ்சக்குப்பம் மாஸ்டர்

தம்பி, இது நல்ல பிடி. இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. ஆனால் 96 கிலோ என்றால் இன்று தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று மட்டும் நினைக்காதே. 2018 டிசம்பரில் ஃப்யூரியைப் பன்னிரண்டாவது ரவுண்டில் மல்லாக்கப் போட்ட வைல்டரின் எடையும் 96.4தான். ஹூஸ்டனில் அலி இருந்ததும் கிட்டத்தட்ட அதே எடை.

மூரர் பெயர் வந்ததும் நான் இத்தனை நாள் தேடிய நூல் கிடைத்தது. மூரர் இடது கைக்காரர். உசிக்கும் இடது கைக்காரர். மூரரைச் சாய்த்தது ஃபோர்மேனின் நேரான வலது கை. சரி, அலி இடது கைக்காரரைச் சந்தித்திருக்கிறாரா? சந்தித்திருக்கிறார். 1966 செப்டம்பர் 10, ஃபிராங்ஃபர்ட், கார்ல் மில்டன்பெர்கர். பன்னிரண்டாவது ரவுண்டில்தான் அலியால் முடிக்க முடிந்தது. முதல் பாதியில் அலிக்கு ஜாப் வைக்கவே இடம் கிடைக்கவில்லை, இருவரின் முன்னால் நீட்டிய கைகளும் முட்டிக்கொண்டே இருக்கின்றன. வில்லியம்ஸை முடித்த அலிக்கும் இந்த அலிக்கும் இரண்டு மாதம்தான் இடைவெளி. மில்டன்பெர்கர் நல்ல வீரர், ஆனால் உசிக்கின் பக்கத்தில் வைக்க முடியாது.

அதனால் மனசு கனத்துத்தான் இதை எழுதுகிறேன்: முதல் சண்டை உசிக்குக்குத்தான். இரண்டு ரவுண்டு வித்தியாசத்தில், புள்ளிக்கணக்கில்.

இரண்டாவது சண்டை வைத்தால் எனக்கு அலி. நார்ட்டனிடம் 1973 மார்ச்சில் தோற்றார், செப்டம்பரில் ஜெயித்தார். ஃப்ரேசியரிடம் 1971இல் தோற்றார், 1974இலும் 1975இலும் ஜெயித்தார். லியான் ஸ்பின்க்ஸிடம் 1978 பிப்ரவரியில் தோற்றார், அந்த செப்டம்பரிலேயே ஜெயித்தார். மறுபடி மோதக் கிடைத்த எல்லாரையும் படித்துவிட்டுத்தான் வந்தார். ஃபோர்மேனோடு முதல் ரவுண்டிலேயே ஜாப் இல்லாமல் வலது கையை முதலில் அனுப்பினாரே, அந்தக் குத்துதான் இடது கைக்காரனுக்கு மருந்து. அது அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

வில்லியனூர் பிசியோ

உசிக்கும் இரண்டாவது சண்டையில் இன்னும் நன்றாக ஆடுகிறவர், மாஸ்டர். ஜோஷுவாவோடும் ஃப்யூரியோடும் டுபுவாவோடும் அதைத்தான் பார்த்தோம்.

மஞ்சக்குப்பம் மாஸ்டர்

தெரியும்மா. அதனால்தான் இரண்டாவதுக்கு ரவுண்டுக் கணக்கு சொல்லவில்லை.

கேள்வி கேட்ட பையனிடம் மில்டன்பெர்கர் சண்டையைக் கொடுத்தேன். பன்னிரண்டு ரவுண்டையும் பார்த்துவிட்டு, ஐந்தாவதை மறுபடி போடச் சொன்னான். இப்போது ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, அலியின் இடது கால் மில்டன்பெர்கரின் காலுக்கு வெளியே விழும்போதெல்லாம் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறான். எட்டாவது ரவுண்டில் இருக்கிறான். முடித்ததும் எண்ணிக்கையை இங்கே போடுகிறேன்.